சட்டம் தந்த சந்தை: நியூ ஜெர்சி சூரிய மின் சான்றுகளின் இருபதாண்டு வரலாறு

1954 ஏப்ரல் 25 அன்று நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் பெல் ஆய்வகத்தார் புதிய கருவியொன்றைச் செய்தியாளர்களுக்கு இயக்கிக் காட்டினார்கள். டேரில் சாப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் என்ற மூவர் உருவாக்கிய சிலிக்கான் சூரிய மின்கலம் அது. தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக மாற்றியது. இன்று உலகெங்கும் கூரைகளில் ஏறியிருக்கும் சோலார் பலகைகளுக்கெல்லாம் மூத்தது அந்த மின்கலம்.

அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2004-இல், அதே மாநிலம் சூரிய மின்சாரத்துக்காக இன்னொன்றையும் படைத்தது. இம்முறை படைத்தது ஒரு சந்தையை. சூரிய ஒளியில் விளைந்த மின்சாரத்துக்குச் சான்று எழுதி, அந்தச் சான்றை வாங்கவும் விற்கவும் வழி செய்த சந்தை அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இத்துறையினர் அந்தச் சான்றை ‘எஸ்ரெக்’ என்கிறார்கள். தொடங்கி இருபது ஆண்டு நிறைந்த நிலையில் அதன் வரலாற்றை இங்கே பதிவு செய்வது பொருத்தம். மழையும் பனியும் மிகுந்த இந்தச் சிறிய மாநிலம் பல ஆண்டுகள் சூரிய மின்சாரத்தில் கலிபோர்னியாவுக்கு அடுத்த இடத்தில் நின்றது. அதற்கு இந்தச் சந்தையே முதன்மைக் காரணம்.

சந்தையின் இருபுறமும் இருவேறு வேகத்தில் நகர்பவை. வரத்தைக் கூரைகள் தருகின்றன. கிராக்கியைச் சட்டம் தருகிறது. கூரையில் பலகை ஏற சில மாதம் போதும். சட்டம் திருந்தச் சில ஆண்டுகள் ஆகும். இந்த இடைவெளியால் சந்தை எப்படி உயர்ந்தது, எப்படிச் சரிந்தது, எப்படி மீட்கப்பட்டது என்பதே அதன் முழு வரலாறும்.

சான்று என்பது என்ன?

வீட்டுக் கூரையிலோ கிடங்கின் மேலோ உள்ள சோலார் அமைப்பு ஆயிரம் யூனிட் மின்சாரம் தந்தால் அதன் உரிமையாளர் கணக்கில் ஒரு சான்று ஏறுகிறது. நியூ ஜெர்சி வெயிலில் ஒரு கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும். ஆகவே 10 கிலோவாட் கூரை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 12 சான்றுகள் கிடைக்கும்.

மின்சாரம் வேறு, சான்று வேறு. மின்சாரத்தை வீடு பயன்படுத்திக்கொள்கிறது. மிஞ்சியது கம்பியில் ஏறி, நெட் மீட்டர் முறையில் மின் கட்டணத்தில் கழிகிறது. சான்று தனிப் பொருளாகக் கைமாறுகிறது. அதை விற்ற குடும்பம், தான் சூரிய மின்சாரத்தில் வாழ்வதாக உரிமை கொண்டாட முடியாது. அந்த உரிமை சான்றோடு சேர்ந்து வாங்கியவருக்குப் போய்விடுகிறது. இம்மாநிலம் அடங்கிய பி.ஜே.எம். மின்தொகுப்பின் ‘காட்ஸ்’ பதிவேட்டில் ஒவ்வொரு சான்றுக்கும் தனி எண் உண்டு. ஒரு முறை சட்டக் கணக்குக்குச் செலுத்தப்பட்ட சான்று மீண்டும் விற்பனைக்கு வர முடியாது. ஒரே மின்சாரத்தை இருவர் கணக்குக் காட்டாமல் இந்தப் பதிவேடு காக்கிறது.

சான்றை வாங்குபவர்கள் யார்? மாநிலத்தில் மின்சாரத்தைச் சில்லறையாக விற்கும் நிறுவனங்கள் எல்லாம் வாங்கியாக வேண்டும். ஜூன் 1-இல் தொடங்கி அடுத்த மே 31-இல் முடிவது இங்கே எரிசக்தி ஆண்டு. அந்த ஆண்டு முடிந்ததும், தாங்கள் விற்ற மின்சாரத்தில் சட்டம் சொன்ன பங்குக்கு ஈடான சான்றுகளை அவர்கள் ஒப்படைக்க வேண்டும். குறைந்த ஒவ்வொரு சான்றுக்கும் சட்டம் நிர்ணயித்த ஈட்டுத்தொகையைக் கட்ட வேண்டும். சான்றின் விலைக்கு உச்ச வரம்பு அந்த ஈட்டுத்தொகையே. அதைவிட அதிக விலை கொடுத்து எவரும் சான்று வாங்கமாட்டார்கள். கீழ்ப்புறத்தில் அப்படி எந்த வரம்பும் இல்லை.

இங்குதான் இந்தச் சந்தை மற்றச் சந்தைகளிலிருந்து வேறுபடுகிறது. ஜெர்சித் தக்காளி நன்றாக விளைந்து விலை இறங்கினால், ஒரு பவுண்டு வாங்குபவர் மூன்று பவுண்டு வாங்கித் தொக்கு கிளறி வைப்பார். விலை இறங்க இறங்க வாங்குபவர் கூடுவார். விழுந்த விலையை அவர்களே தாங்கிப் பிடிப்பார்கள். சான்றுக்கு அப்படி நடப்பதில்லை. சட்டம் மூன்று இலட்சம் கேட்டால் மூன்று இலட்சம் விற்கும். அதற்கு மேல் உள்ள சான்று எவ்வளவு மலிந்தாலும் அந்த ஆண்டுக் கணக்குக்கு அது எவருக்கும் தேவையில்லை. தேவைக்குச் சற்றே குறைந்தால் விலை ஈட்டுத்தொகையைத் தொடும். சற்றே மிகுந்தால் கிடுகிடுவென இறங்கும். இடையில் நிற்க இடம் மிகக் குறைந்த சந்தை இது.

தோற்றம்: 1999 முதல் 2004 வரை

1999 பிப்ரவரியில் ஆளுநர் கிறிஸ்டீன் டாட் விட்மன் கையெழுத்திட்ட மின்சாரப் போட்டிச் சட்டமே இதற்கு அடித்தளம். மின் விற்பனையில் போட்டியைத் திறந்துவிட்ட அந்தச் சட்டம், விற்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியிலிருந்து வர வேண்டும் என்றது. நெட் மீட்டர் முறைக்கும் வழி செய்தது. எல்லா நுகர்வோரின் மின் கட்டணத்திலும் சமூக நலத்துக்கெனச் சிறு தொகையைச் சேர்த்தது. அந்தத் தொகையிலிருந்துதான் முதல் கூரைகளுக்கு மானியம் போனது.

2001-இல் தொடங்கிய மானியத் திட்டத்தை மக்கள் ஆவலோடு வரவேற்றார்கள். சில ஆண்டுகளில் விண்ணப்பங்கள் நிதியை மிஞ்சின. காத்திருப்போர் வரிசை நீண்டது. மானியத்தை மட்டும் நம்பிப் பெரிய இலக்கை எட்ட முடியாது என்பது மின் துறையை ஒழுங்குபடுத்தும், டிரெண்டனில் உள்ள மாநிலப் பொதுப்பயன் வாரியத்துக்கு விரைவில் விளங்கிவிட்டது. அன்று வாரியத்தின் தலைவராக இருந்தவர் ஜீன் ஃபாக்ஸ். 2002 முதல் 2010 வரை அப்பொறுப்பில் இருந்து, இந்தச் சந்தையின் பிள்ளைப் பருவம் முழுவதையும் வழிநடத்தியவர் அவர்.

2004-இல் வாரியம் சூரிய மின்சாரத்துக்கெனத் தனிப் பங்கை ஒதுக்கியது. காற்றாலையோடும் குப்பைமேட்டு எரிவாயுவோடும் அன்றைய சூரிய மின்சாரம் விலையில் போட்டியிட முடியாது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் மலிவானதே விற்கும். தனி ஒதுக்கீட்டுக்கான காரணம் அதுதான். 2008-க்குள் மின் விற்பனையில் 0.16 விழுக்காடு சூரியனிலிருந்து வர வேண்டும் என்பது முதல் இலக்கு. ஈட்டுத்தொகை சான்றுக்கு 300 டாலர். இன்று பார்த்தால் மிகச் சிறிய இலக்கு. ஆனால் எவ்வளவு வேண்டும், தராவிட்டால் என்ன விலை என்ற இரண்டையும் சட்ட மொழியில் எழுதிய நாளில்தான் சந்தை பிறந்தது.

மானியத்திலிருந்து சந்தைக்கு

2006-இல் வாரியம் இலக்கை உயர்த்தியது. 2021-க்குள் 22.5 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மின்சாரம், அதில் சூரியனின் பங்கு 2.12 விழுக்காடு என்று புதிய அட்டவணை வந்தது. மானியம் கொடுத்து அந்த அளவை எட்டினால் நுகர்வோர் மேல் விழும் சுமை தாங்க முடியாததாக இருக்கும். எனவே 2007-இல் வாரியம் துணிந்து ஒரு முடிவெடுத்தது: பெரிய அமைப்புகளுக்கு மானியம் முடியும், இனி சான்று விற்ற பணமே முதலீட்டைத் திருப்பித் தரும்.

அந்த முடிவுக்கு வலுச் சேர்க்க ஈட்டுத்தொகை எட்டு ஆண்டு அட்டவணையாக அறிவிக்கப்பட்டது. 2009 எரிசக்தி ஆண்டுக்கு 711 டாலர், 2010-க்கு 693, 2011-க்கு 675, 2012-க்கு 658, 2013-க்கு 641 என்று படிப்படியாக இறங்கும் வரிசை அது. வங்கிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, எதிர்கால வருமானம் என்ன என்பது. அந்தக் கேள்விக்கு மாநிலம் கொடுத்த பாதிப் பதில் இந்த அட்டவணை.

மறு பாதிப் பதிலை மின் வினியோக நிறுவனங்கள் கொடுத்தன. பி.எஸ்.இ. அண்டு ஜி நிறுவனம் 2008-இல் சோலார் கடன் திட்டத்தைத் தொடங்கியது. கடன் வாங்கியவர் பணத்துக்குப் பதில் சான்றுகளையே தவணையாகச் செலுத்தலாம். சான்றுக்கு அடிமட்ட விலை ஒன்றும் உறுதி. மற்ற வினியோக நிறுவனங்கள் சான்றுகளை நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்க முன்வந்தன. 2009-இல் ஒப்புதல் பெற்ற திட்டமொன்றின் கீழ் பி.எஸ்.இ. அண்டு ஜி தன் மின்கம்பங்களில் பலகைகளை மாட்டத் தொடங்கியது. தெருவுக்குத் தெரு கம்பத்தில் சாய்ந்து நிற்கும் அந்த ஒற்றைப் பலகைகளை இங்கு வாழும் எவரும் பார்த்திருப்பார்கள்.

2010 ஜனவரியில், பதவிக் காலம் முடியும் தறுவாயில், ஆளுநர் ஜான் கோர்சைன் புதிய சூரிய எரிசக்திச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை விழுக்காட்டில் இருந்த தேவையை அது நேரடி மின் அளவாக மாற்றியது. 2011 எரிசக்தி ஆண்டுக்கு 3,06,000 சான்று, 2012-க்கு 4,42,000, 2013-க்கு 5,96,000 என்று தொடங்கி, 2026-இல் 53,16,000 வரை ஏறும் படிக்கட்டு அது. பொருளாதார மந்தத்தால் மின் விற்பனை குறைந்தாலும் சான்றுகளின் தேவை குறையாது என்பது இதன் பயன்.

இச்சட்டத்தை முன்மொழிந்தவர்களுள் ஒருவர் சட்டமன்ற உறுப்பினர் உபேந்திர சிவுகுலா. நெல்லூரில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்கா வந்து, நியூ ஜெர்சி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்திய அமெரிக்கர் அவர். 2012-இல் வந்த திருத்தச் சட்டத்திலும் அவர் பங்கு உண்டு. 2014-இல் அவர் பொதுப்பயன் வாரியத்தின் ஆணையராகவே அமர்ந்தார். கிண்டியில் படித்த ஒருவர் இந்த மாநிலத்தின் சூரிய மின் வரலாற்றில் இடம்பெற்றிருப்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

2011: வரத்து பெருகிய ஆண்டு

2010-இலும் 2011-இன் தொடக்கத்திலும் சந்தையில் சான்று தட்டுப்பாடு. விலை 600 டாலரைத் தாண்டி, ஈட்டுத்தொகையை உரசிக்கொண்டு நின்றது. பத்து கிலோவாட் கூரைக்கு ஆண்டுக்கு ஏழாயிரம் டாலர் வருமானம் என்றால், யார்தான் பலகை ஏற்றமாட்டார்கள்? அதோடு மேலும் இரண்டு காற்றுகள் அதே திசையில் வீசின. மத்திய அரசின் 30 விழுக்காட்டு வரிச்சலுகையை, 2009 பொருளாதார ஊக்கச் சட்டம் வணிக அமைப்புகளுக்கு ரொக்க மானியமாகவே பெற வழி செய்திருந்தது. அதற்கு 2011 முடிவதற்குள் வேலை தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. உலகச் சந்தையில் பலகைகளின் விலையும் அந்த ஆண்டு செங்குத்தாக இறங்கியது.

விளைவு மளமளவென வந்தது. 2011-இல் மட்டும் மாநிலத்தில் 300 மெகாவாட்டுக்கு மேல் புதிய சூரிய மின் அமைப்புகள் எழுந்தன. 2012-இல் 400 மெகாவாட்டுக்கு மேல். கிடங்குகளின் தட்டைக் கூரைகள், பள்ளிக் கட்டடங்கள், வாகன நிறுத்துமிடங்கள், விளைநிலங்கள் என எங்கும் பலகைகள்.

இந்த எண்களை வாசகர் சற்று நின்று பார்க்க வேண்டும். 300 மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 3,60,000 சான்று தரும். 2011 எரிசக்தி ஆண்டின் மொத்தத் தேவையே 3,06,000. அடுத்த ஆண்டுகளில் தேவை ஏறியது ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் அளவில்தான். ஒரே ஆண்டின் கட்டுமானம், சட்டம் கேட்ட இரண்டாண்டு வளர்ச்சியை விழுங்கிவிட்டது. முந்திய ஆண்டுகளின் பலகைகளும் ஓயாமல் சான்று தந்துகொண்டிருந்தன. கட்டிய கூரையைக் கழற்ற முடியாது. சூரியனை நிறுத்தவும் முடியாது. இச்சந்தையில் வரத்து ஏறுமே தவிர இறங்காது.

விலை அதற்கேற்ப விழுந்தது. 2011-இன் தொடக்கத்தில் 600 டாலருக்கு மேல் விற்ற சான்று, 2012 முடிவதற்குள் 100 டாலரையொட்டி வந்துவிட்டது. சில மாதங்களில் அதற்கும் கீழே போனது. ஏழாயிரம் டாலர் எதிர்பார்த்த குடும்பத்துக்கு ஆயிரம் கிடைப்பதே அரிதாயிற்று. நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் அன்றாடச் சந்தை விலையை நம்பிக் கடன் வாங்கிய சிறு வணிகர்களும் திருச்சபைகளும் வீட்டுக்காரர்களும் பெரும் நெருக்கடிக்கு உள்ளானார்கள். பலகை பொருத்தும் நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன.

2010 சட்டத்தை இயற்றியவர்கள் இப்படி ஒரு நாள் வரலாம் என்று எண்ணிப் பார்க்காமல் இல்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வரத்து தேவையை எட்டி, மூன்று ஆண்டுகளும் விலை இறங்கினால், தேவை தானாகவே 20 விழுக்காடு உயரும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எண்ணம் நல்லது, காலக்கணக்கு பொருந்தவில்லை. சந்தை ஒன்றரை ஆண்டுக்குள் சரிந்துவிட்டது. மருந்து வேலை செய்ய மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

2012 சட்டம்: ஒரு நேர்மையான பேரம்

2012 ஜூலை 23 அன்று ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி புதிய சூரிய எரிசக்திச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மேலவையில் அதை முன்னெடுத்தவர் பாப் ஸ்மித். இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது. ஜனநாயகக் கட்சி ஆளுநர் தொடங்கியதைக் குடியரசுக் கட்சி ஆளுநர் காப்பாற்றினார் என்பதைத் தனியே குறிப்பிட வேண்டும்.

அந்தச் சட்டம் செய்த வேலை நுட்பமானது. 2014 எரிசக்தி ஆண்டின் தேவை பழைய அட்டவணைப்படி 7,72,000 சான்று. புதிய சட்டம் அதை மின் விற்பனையில் 2.05 விழுக்காடு என்று மாற்றியது. சான்றுக் கணக்கில் அது ஏறத்தாழ இரு மடங்கு. பின்னாளில் வரவிருந்த தேவை முன்னே இழுக்கப்பட்டது. அதே வேளையில் தொலைவில் உள்ள ஆண்டுகளின் தேவை குறைக்கப்பட்டது: 2028-இல் 4.1 விழுக்காடு என்ற புதிய உச்சம், பழைய அட்டவணையின் 53 இலட்சத்தைவிட மிகக் குறைவு. ஈட்டுத்தொகையோ 2013-இன் 641 டாலரிலிருந்து 2014-க்கு 339 டாலராக இறங்கியது.

பலகை ஏற்றியவர்களுக்கு உடனடி ஆறுதல். மின் கட்டணம் செலுத்தும் மக்களுக்கு நீண்டகால நிம்மதி. ஒரு தரப்பு உச்ச விலையை விட்டுக்கொடுத்தது, மறு தரப்பு கூடுதல் அளவை ஏற்றுக்கொண்டது. சான்றின் ஆயுளையும் சட்டம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. ஓர் ஆண்டில் விலை போகாத சான்றை அடுத்து வரும் ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ள முடிந்ததால், உபரி முழுவதும் ஒரே நேரத்தில் சந்தையில் வந்து விழவில்லை.

இன்னொரு நல்ல காரியமும் அச்சட்டத்தில் நடந்தது. தோட்ட மாநிலம் என்று பெயர்பெற்ற நியூ ஜெர்சியில் விளைநிலங்களைப் பலகைகள் மூடுவதை விவசாயிகளும் சூழலியலாளரும் கவலையோடு பார்த்தார்கள். மின்தொகுப்புக்கு நேரடியாக விற்கும் பெரிய நில அமைப்புகளுக்கு இனி வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்தியது. மூடப்பட்ட குப்பைமேடுகளுக்கும் கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலங்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது. வேறு எதற்கும் ஆகாத மண் மின்சாரம் விளைவிக்கத் தொடங்கியது.

2013-இல் மாநிலத்தின் சூரிய மின் திறன் ஆயிரம் மெகாவாட்டைக் கடந்தது. விலை மெல்ல எழுந்து, 2015-க்குப் பின் 200 டாலருக்கு மேல் நிலைபெற்றது. சட்டம் வந்த அன்றே சந்தை குணமாகிவிடவில்லை. தேங்கிக் கிடந்த சான்றுகள் கரைய இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடித்தன.

பிற மாநிலங்கள் நடந்த பாதை

நியூ ஜெர்சி தேர்ந்த வழியின் மதிப்பை அறிய பிற மாநிலங்களையும் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா 2004-இலேயே சூரிய ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. ஆனால் வெளி மாநிலங்களில் விளைந்த சான்றுகளையும் ஏற்றுக்கொண்டது. பரந்த மின்தொகுப்புப் பகுதியின் உபரியெல்லாம் அங்கே போய்ச் சேர, விலை சில பத்து டாலர்களுக்குச் சரிந்து பல ஆண்டுகள் எழவே இல்லை. 2017-இல்தான் அந்த மாநிலம் தன் எல்லையைச் சட்டத்தால் மூடியது. நியூ ஜெர்சியோ தன் மாநில வினியோகக் கம்பியோடு இணைந்த அமைப்புகளுக்கே சான்று என்பதில் உறுதியாக நின்றது. மக்கள் கட்டணத்தில் தரும் பணம் மக்கள் கண்முன் உள்ள கூரைகளுக்கே போனது.

2010-இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் வேறொரு பாடத்தைக் கையாண்டது. அடுத்த ஆண்டின் தேவையை நடப்பு ஆண்டின் வரத்தையும் உபரியையும் வைத்துக் கணக்கிடும் வாய்பாட்டை அது விதியிலேயே வைத்தது. விற்காமல் தங்கிய சான்றுகளுக்கு 300 டாலர் நிலை விலையில் ஆண்டு இறுதி ஏலம் ஒன்றையும் அமைத்தது. சட்டமன்றத்துக்குப் போகாமலே கிராக்கி வரத்தின் பின்னால் நடந்துவரும் ஏற்பாடு இது. ஆயினும் மாசசூசெட்ஸும் 2018-இல் சந்தையை விட்டு நிலையான கட்டண முறைக்கு மாறியது. மூன்று மாநிலங்களும் மூன்று வழியாகச் சென்று ஒரே உண்மையைக் கண்டன: வரத்தோடு சேர்ந்து நகராத கிராக்கி, நல்ல திட்டத்தையும் தள்ளாட வைக்கும்.

நிறைவும் புதிய தொடக்கமும்

2010-களின் இறுதியில் பிரச்சினை திசை மாறியது. பலகை விலை தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தது. சான்றின் விலை 200 டாலருக்கு மேலேயே நின்றது. மலிவாகக் கட்டியவருக்கும் பழைய விலையில் கட்டியவருக்கும் ஒரே விலை. அந்தச் செலவு முழுவதும் இறுதியில் நுகர்வோரின் மின் கட்டணத்தில்தான் போய்ச் சேர்கிறது. சொந்தக் கூரை இல்லாமல் அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருப்பவரும் அதில் தன் பங்கைச் செலுத்துகிறார். சந்தை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டதா என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது.

2018 மே 23 அன்று ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட தூய எரிசக்திச் சட்டம் அதற்கு விடை சொன்னது. 2030-க்குள் 50 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று பொது இலக்கை உயர்த்தியது. சூரிய மின்சாரத்தின் பங்கு 5.1 விழுக்காட்டைத் தொட்டதும் எஸ்ரெக் திட்டத்தில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்றது. நுகர்வோர் மேல் விழும் மொத்தச் சுமைக்கு, மின்சாரத்துக்கு அவர்கள் செலுத்தும் தொகையில் 9 விழுக்காடு, பின்னர் 7 விழுக்காடு என்று உச்ச வரம்பும் வைத்தது. ஏற்கெனவே கட்டியவர்களுக்குக் கொடுத்த வாக்கு மாறவில்லை: 5.1 விழுக்காட்டுத் தேவை 2023 வரை நின்று, பின் படிப்படியாகக் குறைந்து, 2033 எரிசக்தி ஆண்டு வரை செல்லும்.

அந்த 5.1 விழுக்காடு எட்டப்பட்டது. 2020 ஏப்ரல் 30 அன்று புதிய விண்ணப்பங்களுக்குச் சந்தை மூடியது. அப்போது மாநிலத்தின் சூரிய மின் திறன் மூவாயிரம் மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. தோல்வியால் மூடிய திட்டங்கள் பல உண்டு. தான் எட்ட வேண்டிய இலக்கை எட்டியதால் மூடிய திட்டம் என்ற பெருமை இதற்கு உரியது.

மறுநாளே இடைக்கால ஊக்கத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு சான்றுக்கும் 152 டாலர் என்ற அடிப்படை விலை, அமைப்பின் வகைக்கேற்ற விகிதம், பதினைந்து ஆண்டு உறுதி. வீட்டுக் கூரைக்கு விகிதம் 0.6, கணக்கிட்டால் 91 டாலர் 20 சென்ட். 2021 ஜூலையில் வந்த புதிய சூரியச் சட்டம் 2026-க்குள் 3,750 மெகாவாட் கூடுதல் திறனை இலக்காக்கியது. அதன்படி அமைந்த அடுத்த திட்டத்தில் வீட்டுக் கூரைக்கு 90 டாலரில் தொடங்கிய நிலையான விலையை வாரியம் நிர்ணயித்தது. பெரிய அமைப்புகளுக்குப் போட்டி ஏலம். ஈட்டுத்தொகையை உரசி நின்ற அந்நாள் விலையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்கு அதே ஆயிரம் யூனிட் விளையத் தொடங்கியது. மின் திறன் நான்காயிரம் மெகாவாட்டையும் கடந்து வளர்ந்துவிட்டது. கூரை இல்லாதவரும் பங்கு பெறும் சமூகச் சூரிய மின் திட்டம் 2019-இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2023-இல் நிரந்தரமானது. அதன் பயனில் பாதிக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு என்பது அதன் விதி.

கற்றவையும் காக்க வேண்டியவையும்

இருபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கையில் மூன்று செய்திகளைப் பதிவு செய்வது கடமை.

முதலாவது, தேவையைச் சட்டத்தால் உண்டாக்குபவர்கள் அதைத் திருத்தும் வழியையும் அதே சட்டத்தில் வைக்க வேண்டும். அந்த வழி சந்தையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். மூன்றாண்டுக் காத்திருப்பு 2011-இல் பயன்படவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வாரியமே விலையையும் அளவையும் பரிசீலிக்கும் ஏற்பாடு பல நிறுவனங்களைக் காத்திருக்கும்.

இரண்டாவது, கணக்கை வெளிப்படையாக வைத்தது இந்தச் சந்தையின் பெரும் பலம். எத்தனை அமைப்புகள் பதிவாயின, எத்தனை முடிந்தன, எத்தனை நடுவழியில் நிற்கின்றன என்ற விவரங்களை வாரியம் தொடர்ந்து வெளியிட்டது. 2011-இல் அந்த எண்களைப் படித்தவர்களுக்கு வரப்போகும் உபரி தெரிந்தது. விலையை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. இனி கூரையில் பலகை ஏற்ற நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும், விற்பனையாளர் காட்டும் வருமானப் பட்டியலுக்கு முன்னால் வாரியத்தின் பதிவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். இத்துறையில் உள்ள தமிழ்ப் பொறியாளர்களும் கணக்காளர்களும் அதைத் தம் அண்டை வீட்டாருக்கு விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மூன்றாவது, கொடுத்த வாக்கைக் காத்தது. இலக்கு மாறியது, விலை மாறியது, திட்டத்தின் பெயரே மாறியது. ஆனால் முன்பு பதிவு செய்தவர் சான்று பெறும் பதினைந்தாண்டு உரிமை பறிக்கப்படவில்லை. கட்சிகள் மாறி மாறி ஆண்ட இருபது ஆண்டுகளில் இது எளிய காரியம் அல்ல. முதலீட்டாளர் மீண்டும் மீண்டும் இந்த மாநிலத்துக்கு வந்ததற்கு இந்த நம்பிக்கையே காரணம்.

இந்த வரலாற்றில் ஆளுநர்களின் பெயரும் சட்டமன்றத்தாரின் பெயரும் வாரியத் தலைவரின் பெயரும் வந்தன.  ஆனால் இருபது ஆண்டுகள் மாதந்தோறும் மின் கட்டணத்தோடு இந்தச் செலவைச் செலுத்திவரும் இலட்சக்கணக்கான குடும்பங்களின் பெயர் வரவில்லை. அவர்களே இந்தச் சந்தையின் உண்மையான முதலீட்டாளர்கள். அடுத்த இருபது ஆண்டுகளின் சட்டத்தை எழுதுபவர்கள் ஒவ்வொரு எண்ணையும் குறிக்கும் முன், அந்தக் குடும்பங்களின் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அப்படி எழுதினால் நம் பிள்ளைகள் நிறைவான ஐம்பதாண்டு வரலாற்றை எழுதுவார்கள்.